இறக்கத்துக்கு ஏற்ற வண்டி

கண்ணு,

நீ அனுப்பிய மூன்று வண்டிப் படங்களும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதும், திரும்பச் சின்னதாக்கி வைப்பதுமாக மூன்று வாரத்தை ஓட்டிவிட்டேன். "ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லுங்கப்பா, புக் பண்ணணும். நீங்க எதச் சொல்றீங்களோ அதத்தான் வாங்குவேன்" என்று நீ போனில் சொன்னபோது உன் அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். மகள் அப்பாவைக் கேட்டுத்தான் நாலு வீல் டிரைவ் வாங்கப்போகிறாள் என்று காரிமங்கலம் முழுக்கச் சொல்லிவிட்டாள். நம் டயர் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள்கூட டயரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நானும் பெரிய நிபுணர் மாதிரி காற்றடிக்கும் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறேன். பக்கத்தில் கம்ப்ரசர் தடதடவென்று அடித்துக்கொள்கிறது. என் நெஞ்சு அதைவிடச் சத்தமாக அடித்துக்கொள்வது நல்லவேளை யாருக்கும் கேட்பதில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஆரம்பித்தால் நடுவில் ஒரு ஜோக் அடிப்பேன், நீ சிரிப்பாய், அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் பேச்சை மாற்றிவிடுவேன். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் தப்பித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதனால்தான் கடிதம். பிளஸ் டூவில் தமிழில் மட்டும் தேறிய ஆள் நான். அந்தப் படிப்பு இன்றைக்காவது உதவட்டும். முதலிலேயே ஒன்றை எழுதிவிடுகிறேன், பிறகு எழுதத் தைரியம் வராது. எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு. எந்த வண்டி வாங்குவது என்று அல்ல. ஏன் பயம் என்று கடைசிவரைக்கும் படித்தால் தெரியும். நடுவில் கோபம் வந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப எடு.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். அரூரில் மாட்டு டாக்டராக நீ வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் சித்தேரி மலைமேல். தார் ரோடு முடிகிற இடத்தில் ஸ்கூட்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு, மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாய். போன மழையில் கன்று போட முடியாமல் கிடந்த ஒரு எருமை, நீ சேற்றில் நடந்து போய்ச் சேர்வதற்குள் செத்துப்போனது. அன்றைக்குப் போனில் நீ அழுதாய். மறுநாளே வண்டி வேண்டும் என்று சொன்னாய். அதுவரைக்கும் உன்னோடு வேலை பார்க்கிறவருடைய ஜீப்பை இரவல் வாங்கி மலையேறுகிறாய். மலைக்கும் ஆக வேண்டும், அரூர் கடைவீதியில் நிறுத்தவும் ஆக வேண்டும், மாதம் இரண்டு தடவை வீட்டுக்கு வரவும் ஆக வேண்டும், அம்மாவின் முழங்காலைச் சேலத்து டாக்டரிடம் கொண்டுபோகவும் ஆக வேண்டும். ஒரே மாடு உழவும் வேண்டும், பாலும் கறக்க வேண்டும், வாசலில் நின்றால் அழகாகவும் இருக்க வேண்டும் என்கிற கதைதான். அதனால் மூன்றுக்கும் உன் பாஷையிலேயே பெயர் வைத்துவிட்டேன்: எருமை, ஜெர்சி, வெள்ளாடு.

எருமை என்பது அந்தப் பெரிய டீசல் வண்டி. ஏழு பேர் உட்காரலாம். பானெட்டின் மேல் இலை போட்டு ஒரு பந்தியே பரிமாறலாம். அடியில் லாரி மாதிரி தனிச் சட்டம். சேற்றில் இறக்கினால் எருமை போலவே சுகமாகப் போகும், சந்தேகமில்லை. ஆனால் எருமையைத் திருப்ப இடம் வேண்டும். உன் மலைப்பாதையில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் நீதான் பின்னாலேயே போக வேண்டியிருக்கும். ஈரக் களிமண் சரிவில் எடை கூடினால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். எடைக்கு நல்லது கெட்டது தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் கீழே போவதுதான். அம்மா அதில் ஏறின கதை உனக்கே தெரியும். தருமபுரி ஷோரூமில் நான் பின்னாலிருந்து தள்ள, விற்பனைக்காரத் தம்பி உள்ளே இருந்து இழுக்க, நீ போட்டோ எடுத்தாய். அந்தப் போட்டோவை இன்னும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பவில்லை என்று நம்புகிறேன்.

ஜெர்சி உனக்குப் பிடித்தது. எனக்கும் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். உள்ளே உட்கார்ந்தால் கல்யாண மண்டபத்து சோபா மாதிரி இருக்கிறது. கிளட்ச் கிடையாது, கியர் தானே மாறிக்கொள்கிறது, முன்னால் டீவி மாதிரி ஒரு திரை. எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதைப் பார்த்து மற்றதற்கு வண்டியே பலம் கொடுக்கும். இறக்கத்துக்கென்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் வண்டியே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக் போட்டு இறங்கும். பெங்களூர் ரோட்டுக்கு அதைவிட நல்ல வண்டி இல்லை. ஆனால் நீ என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், ஜெர்சி மாட்டை மலையில் கொண்டுபோய்க் கட்டினால் ஒரு மழை தாங்காது என்று. வயிறு தரையை ஒட்டி இருக்கிறது. டயரின் பக்கச்சுவர் இரண்டு விரல் உயரம்தான். உன் மலைக்கல்லில் அது எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு டயர் கடைக்காரனைக் கேட்டால், என் வியாபாரம் நன்றாக நடக்கும் என்று சொல்வேன். முக்கியமாக, அதில் தாழ்ந்த கியர் என்று தனியாக ஒன்று இல்லை.

வெள்ளாடு அந்தச் சின்னப் பெட்டி வண்டி. பெட்ரோல், மூன்று கதவு, அகலம் குறைவு, எடை குறைவு. பின் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். ஹைவேயில் லாரி கடந்து போனால் கொஞ்சம் ஆடும், மேட்டில் முந்த வேண்டுமென்றால் முன்கூட்டியே நினைக்க வேண்டும். ஆனால் ஆடு போகாத இடம் உண்டா? கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு லீவர் இருக்கிறது. அதைத் தள்ளினால் நாலு சக்கரமும் இழுக்கும். இன்னும் ஒரு நிலை தள்ளினால் தாழ்ந்த கியர். அதில் முதல் கியர் போட்டுக் காலை எடுத்துவிட்டால், வண்டி எஞ்சினின் பிடியிலேயே நடக்கிற வேகத்தில் இறங்கும். பிரேக்கைத் தொடவே வேண்டாம். சோதனை ஓட்டத்தில் நான் கெட்டிக்காரத்தனமாக அந்த லீவரைத் தள்ளிவிட்டு, காய்ந்த தார் ரோட்டிலேயே வளைக்கப் பார்த்தேன். வண்டி கயிறு மாட்டின கிடா மாதிரி முட்டிக்கொண்டு அடம்பிடித்தது. "சார், தார்ல ரெண்டு வீல்தான் சார்" என்று விற்பனைக்காரத் தம்பி மெதுவாகச் சொன்னான். எனக்கு ஜீப் அனுபவம் உண்டு என்று அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். நம்முடைய பழைய ஜீப்பிலும் அந்தக் குட்டி லீவர் இருந்தது. பதினோரு வருடமும் அதில் நான் மஞ்சப்பை மாட்டியிருந்தேன்.

அன்றைக்கு வாடகைக் காரில் திரும்பி வரும்போது வெள்ளாட்டைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொன்னாய். "லீவர் வண்டி வேணாம்ப்பா. நம்ம ஜீப் மாதிரி ஒரு நாளைக்கு பிரேக் விட்டுடும். ஒரு தடவ பட்டதே போதும்." சொல்லிவிட்டு உன் தாடையைத் தொட்டுக்கொண்டாய். நாலு தையல் போட்ட அந்தத் தழும்பைத் தொடுவது உனக்குப் பழக்கம், யோசிக்கும்போதெல்லாம் தொடுவாய். அம்மா பின் சீட்டிலிருந்து, "அந்த மெக்கானிக் அந்தோணி கைய வெச்ச வண்டி எது உருப்பட்டுச்சி" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, ரோட்டோரம் விற்ற தர்ப்பூசணியைப் பற்றி ஏதோ சொன்னேன்.

அதற்கு முன்னாலேயே, போன மாதம், இன்னொன்று நடந்தது. உனக்கு அது ஞாபகமே இருக்காது. அந்த இரவல் ஜீப்பில், "வாங்கப்பா, என்னோட ஊரெல்லாம் காட்டறேன்" என்று என்னைச் சித்தேரிக்குக் கூட்டிப்போனாய். ஏறும்போது எனக்கு எவ்வளவு பெருமை! வழியில் ஒரு கிழவர் கையைக் காட்டி நிறுத்தி, மடியில் இருந்த ஆட்டுக்குட்டியின் கண்ணைக் காட்டினார். நீ ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே மருந்து விட்டாய். டாக்டரோட அப்பாவா என்று கேட்டு என்னைக் கும்பிட்டார். நான் காற்றடித்த டியூப் மாதிரி ஆகிவிட்டேன். திரும்பும்போது இறக்கம் ஆரம்பிக்கிற வளைவுக்கு வந்தோம். நீ பேசிக்கொண்டே கிளட்சை மிதித்தாய். மணிக்கட்டை லேசாகத் திருப்பி, குமிழை ஒரு தட்டுத் தட்டி, கியரை நியூட்ரலுக்கு விட்டாய். எஞ்சின் சத்தம் தணிந்தது. வண்டி தானாக உருள ஆரம்பித்தது.

அந்த மணிக்கட்டு என்னுடையது, கண்ணு. அந்தத் திருப்பல், அந்தத் தட்டு, அச்சு அசலாக என்னுடையது. என் கை நீளமாகி உன் தோளில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது. ஏன் இப்படி விட்டாய் என்று கேட்டேன். நீ சிரித்தாய். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானேப்பா. உச்சி வந்தா விட்டுடணும், டீசல் மிச்சம். டெய்லி இப்பிடித்தான் எறங்கறேன்."

தினமும். எனக்கு வாந்தி வருகிறது, நிறுத்து என்றேன். நீ நிறுத்தினாய். நான் இறங்கி ஒரு புதர் ஓரம் குனிந்து நின்றேன். வாந்தியெல்லாம் வரவில்லை, வந்ததாக நடித்தேன். நீ முதுகைத் தடவிக்கொடுத்து, மலை வளைவு உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மிச்ச இறக்கத்தில், வயிறு குலுங்குகிறது, மெதுவாக, இரண்டாவது கியரிலேயே போ என்று மட்டும் கெஞ்சினேன். என் வயிற்றுக்காக நீ அப்படி ஓட்டினாய். மறுநாள் என் வயிறு உன் பக்கத்தில் இல்லை. அதிலிருந்து நீ மலைக்குப் போகிற மூன்று நாளும் நான் கடையில் போனைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறேன். மேலே சிக்னல் கிடையாது என்று தெரியும். தெரிந்தே அடிக்கிறேன். 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்று அந்த அம்மா சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு வளைவு கண்ணில் வருகிறது. சாயங்காலம் நீ அரூர் வந்து, "என்னப்பா பதினாறு மிஸ்டு கால்?" என்று கேட்கிறாய். கை பட்டுவிட்டது என்கிறேன். பதினாறு தடவை பட்டது.

இனி தொப்பூர். உனக்குத் தெரிந்த கதை என்ன? உனக்கு ஆறு வயது. உன் மாமாவின் நிச்சயதார்த்தத்துக்குச் சேலம் போனோம். தொப்பூர் இறக்கத்தில் ஜீப்புக்குப் பிரேக் போய்விட்டது. அப்பா சாமர்த்தியமாக மண்மேட்டில் ஏற்றி எல்லோரையும் காப்பாற்றினார். இந்தக் கதையில் சேலம், நிச்சயதார்த்தம், மண்மேடு மூன்றும் உண்மை.

அப்போது நான் அந்த ஜீப்பைச் சந்தைக்கு ஆள் ஏற்ற வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். இறக்கம் வந்தால் நியூட்ரலில் விடுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். லாரிக்காரர்கள் விட்டார்கள், நானும் விட்டேன். பாளையம் ஊரைத் தாண்டியதும் விட்டால் கீழே போய்ச் சேரும்வரை டீசல் சொட்டுச் செலவில்லை என்று டீக்கடையில் பெருமை பேசுவோம். உனக்கு அதை ஒரு விளையாட்டாக்கி வைத்திருந்தேன். உச்சி வந்ததும் நான் கிளட்சை மிதித்து, "விடு" என்பேன். நீ அம்மா மடியிலிருந்து எட்டி, இரண்டு கையாலும் குமிழைத் தள்ளுவாய். சத்தம் நின்று வண்டி உருள ஆரம்பித்ததும், "பறக்கறோம்ப்பா" என்று கத்துவாய். அதைக் கேட்பதற்காகவே நான் இறக்கத்தைத் தேடிப் போவேன்.

அன்றைக்கும் "விடு" என்றேன். நீ தள்ளினாய். அம்மா முந்தின நாளெல்லாம் சீர்ப் பலகாரம் சுட்ட களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வளைவு வரை பறந்தோம். பிறகு, எஞ்சின் பிடி இல்லாமல் முழுப் பாரத்தையும் தாங்கின பிரேக் சூடேறி, காலில் பஞ்சு மாதிரி ஆனது. கருகின வாசனை வந்தது. முன்னால் சிமெண்ட் மூட்டை ஏற்றின லாரி ஒன்று நத்தை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கியரில் இறங்கினான், புத்திசாலி. நான் கியரைத் திரும்பப் போடப் பார்த்தேன். அந்த வேகத்தில் எந்தப் பல்லும் ஏறவில்லை, கறகறவென்று கத்தியது. கைப்பிரேக்கை இழுத்தேன், அது கையோடு வந்தது. நீ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாய், கண்ணு. லாரியின் பின்பலகை கிட்டே வர வர நீ கை தட்டினாய். அந்தச் சிரிப்பைத்தான் நான் இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் ரோடு வேலைக்குக் கொட்டிவைத்த மண்மேடு ஒன்று தெரிந்தது. சாமர்த்தியமெல்லாம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தேன். அந்த மேடு நாலு அடி தள்ளி இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத ஆள் இருந்திருக்காது, படிக்கவும் இருந்திருக்காது.

உன் தாடை டாஷ்போர்டில் மோதிக் கிழிந்திருந்தது. அம்மா முழித்துக்கொண்டு, என்ன ஆச்சு என்று அலறினாள். "பிரேக் புடிக்கல" என்றேன். அதுவரை உண்மைதான். "போன வாரந்தானே அந்தோணி பிரேக் பாத்தான்?" என்றாள் அவள். நான் தலையை ஆட்டினேன். ஒரு பொய்யைக்கூட வாயால் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.

அந்தோணி மேஸ்திரி மறுநாள் ஜீப்பைக் கட்டி இழுத்துவந்தான். சூடு ஆறியிருந்ததால் பிரேக் கல் மாதிரி பிடித்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே பிரேக் டிரம் நீலம் பாரித்துக் கிடந்தது. என்னைப் பார்த்து, சத்தம் வராமல், "இது நியூட்ரல்ல எறக்கன சூடுங்கண்ணா" என்றான். வீட்டில் வேறு மாதிரி சொல்லிவிட்டேன் அந்தோணி என்றேன். அவன் சக்கரத்தைத் திரும்ப மாட்டினான். அடுத்த சந்தை நாளில் உன் அம்மா அவன் பட்டறை வாசலில் நின்று, குழந்தையைக் கொல்லப் பார்த்தவன் என்று ஊர் கேட்கப் பேசினாள். நான் அவளுக்குப் பக்கத்தில், கட்டுப்போட்ட உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். நான் அன்றைக்கும் ஒரு தர்ப்பூசணியைத் தேடுகிறவன் மாதிரி வேறு பக்கம் பார்த்தேன். ஆறே மாதத்தில் பட்டறையை மூடிவிட்டுக் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டான். நான் ஜீப்பை விற்றுவிட்டு டயர் கடை வைத்தேன். வாடகை வண்டியில் வரும்படி இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் எந்த இறக்கத்திலும் என்னால் வண்டியை இறக்க முடியவில்லை.

சேலம் போக மொரப்பூர் போய் ரயில் ஏறுகிறேன் அல்லவா? நேராக பஸ் இருக்கும்போது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற ஆள் என்று நீங்கள் இரண்டு பேரும் கேலி செய்வீர்கள். ஸ்டேஷன் வடைக்காகத்தான் என்று நானும் ஒத்துக்கொள்வேன். அந்த வடை நன்றாகவே இருக்காது, கண்ணு. எண்ணெய் வாசனை அடிக்கும். தொப்பூரைக் கண்ணால் பார்க்க முடியாமல் இருபத்திரண்டு வருடமாக அந்த வடையைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

உனக்காகத்தான் மறைத்தேன், உன் கை தள்ளியது என்று உனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது அடுத்த பொய். எனக்காகத்தான் மறைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயம். உன் கையை இதில் இழுக்காதே. ஆறு வயசுக் குழந்தை அப்பா சொன்னதைச் செய்தது. கிளட்சை மிதித்த கால் என்னுடையது, 'விடு' என்ற வாயும் என்னுடையது. ஆனால் அந்த விளையாட்டு உன் கையிலேயே தங்கி, உன்னோடு வளர்ந்து, சித்தேரி வரைக்கும் வரும் என்று நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அது செத்திருக்கும். பிரேக்மேல் பழியைப் போட்டேன். நீயும் வண்டிகளைச் சந்தேகப்பட்டாய், பழக்கத்தைச் சந்தேகப்படவில்லை.

இதுவரைக்கும் எழுதிவிட்டு இரண்டு நாள் நிறுத்தினேன். உனக்குத் தெரிவதற்கு முன்னால் அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது. புதன்கிழமை காலையில் அவள் புளி ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன். அவள் கொட்டையெடுப்பதை நிறுத்தவே இல்லை. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது. முறத்தில் இருந்ததெல்லாம் முடிந்ததும் கேட்டாள்.

"அந்தோணிய நான் என்னென்ன பேசினேன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அப்ப நீங்க எங்க நின்னுக்கினு இருந்தீங்க?"

"பக்கத்துலதான்."

கையைக் கழுவிவிட்டு வந்தாள். "கிருஷ்ணகிரி பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு சீட்டு முன்னால் போய் ஒரு தக்காளிக்கூடைக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் கொண்டையைப் பார்த்துக்கொண்டே கிருஷ்ணகிரி வரை போனேன்.

அந்தோணிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றான், திரும்பவும் திட்டத்தான் வந்திருக்கிறாளோ என்று பார்க்கிற மாதிரி. அவள் நடந்ததைச் சொல்லி, மன்னிச்சிக்கப்பா என்றாள். அவன் எங்களை உட்காரவைத்து டீ சொன்னான். டீயை நீட்டிக்கொண்டே, "பாப்பாவுக்குத் தாடையில தையல் போட்டது நல்லா ஆறிடுச்சிங்களா?" என்று கேட்டான். அம்மா அப்போதுதான் அழுதாள். நான் போனை எடுத்து உன் மூன்று வண்டிப் படங்களையும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான். "மலைக்குன்னா சின்னதுதாங்க. எதுவா இருந்தாலும் கியர்ல எறக்கச் சொல்லுங்க. வண்டி வந்ததும் ஒரு தடவ இங்க கொண்டாரச் சொல்லுங்க, பிரேக் நான் பாத்துக் குடுக்கறேன்" என்றான். கிளம்பும்போது என்னை மட்டும் கொஞ்சம் ஓரமாக நிறுத்தினான். "உங்க மேல கோவம் இல்லேன்னு சொல்ல மாட்டேங்கண்ணா" என்றான். சரிப்பா என்றேன். அதைக் கேட்கிற கடன் எனக்குப் பாக்கி இருந்தது.

அதனால் வெள்ளாட்டை வாங்கு, கண்ணு. லீவர் வண்டியைப் பார்த்துப் பயப்படாதே. அந்த லீவர் நமக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, நான்தான் அதில் பை மாட்டினேன். அம்மாவின் முழங்காலுக்கு முன் சீட்டு போதும். ஹைவேயில் ஆடினால் மெதுவாகப் போ, சேலம் எங்கேயும் ஓடிவிடாது. ஒன்றை மட்டும் மனசில் வை. நாலு வீல் டிரைவ் என்றால் நாலு சக்கரமும் இழுக்கும். நிறுத்துவதற்கு அது ஒன்றும் செய்யாது. அதை நம்பி ஏற முடியாத இடத்துக்கெல்லாம் ஏறிவிடலாம். இறங்கும்போது எல்லா வண்டியும் ஒரே வண்டிதான். எந்தக் கியரில் ஏறுகிறாயோ அந்தக் கியரில் இறங்கு. மண்பாதையில் என்றால் குட்டி லீவரைத் தள்ளி, தாழ்ந்த கியரில், காலை எடுத்துவிட்டு இறங்கு. மிச்சமாகும் எண்ணெய் உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். புது வண்டி வரும்வரை அந்த இரவல் ஜீப்பிலும் அப்படித்தான். இந்த வரியைப் படித்த நிமிடத்திலிருந்து. இதற்கு மட்டும் நீ பதில் எழுத வேண்டாம், போன் பண்ணு. "கியர்ல எறங்கறேன்ப்பா" என்று உன் வாயால் சொல்லு. வேறு எதைப் பற்றியும் என்னிடம் பேச இஷ்டமில்லை என்றாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எனக்கு அந்த உரிமையும் இல்லை.

வண்டி வந்ததும் முதலில் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோ, அந்தோணி பார்க்கட்டும். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. சேலத்துக்குப் போவோம். மொரப்பூர் வழியாக அல்ல, தொப்பூர் வழியாக. அம்மா பின்னால் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டாள். என்னைப் பின்னாலிருந்து கண்காணிக்க அதுதான் வசதியாம், முழங்காலைத் தாடையில் இடித்துக்கொண்டாவது உட்காருவாளாம். நான் முன்னால், உன் இடது பக்கத்தில், கியர் கம்பிக்குக் கிட்டே. உச்சி வந்ததும் நீ கியரைக் குறை. எஞ்சின் உறுமும், சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும், பயப்படாதே. அந்தச் சத்தம் இருக்கிறவரை வண்டி உன் பிடியில் இருக்கிறது என்று அர்த்தம். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என் இரண்டு கையும் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். கண்ணை மட்டும் இந்தத் தடவை மூட மாட்டேன்.

உன் போனுக்காகக் கடையிலேயே நிற்கிறேன்.

அப்பா